ரொறன்ரோவில் முதல் வீடு: குளிர் தொடங்குமுன் செய்து முடிக்க வேண்டியவை

ஸ்காபரோவில் 1960களில் கட்டப்பட்ட ஒரு தனி வீட்டை இந்தக் கோடையில் வாங்கியிருக்கிறீர்கள். இதுவரை அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்ததால் வெப்பமூட்டுவதையும் தண்ணீர்க் குழாய்களையும் கட்டட நிர்வாகமே பார்த்துக்கொண்டது. இப்போது பேஸ்மென்டில் (நிலத்தடித் தளத்தில்) ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. டிசம்பர் கடைசியில் நீங்கள் ஊருக்குப் போகவும் எண்ணுகிறீர்கள். குளிர் தொடங்குமுன் எதை, எந்த வரிசையில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி சரியான நேரத்தில் வந்திருப்பதால் எல்லாவற்றையும் விரிவாகவே எழுதுகிறேன்.

குளிர்காலத் தயாரிப்பு என்றால் வீட்டை இன்னும் சூடாக்குவது என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஒழுங்காக வேலை செய்யும் ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் சாதனம்) உள்ள வீட்டில் சூடு பெரிய பிரச்சினை அல்ல. வீட்டுப் பரிசோதனைத் தொழிலில் நான் பார்த்த குளிர்காலச் சேதங்களில் பெரும்பாலானவை, தண்ணீர் நிற்கக் கூடாத இடத்தில் நின்றதாலோ, காற்று போகக் கூடாத வழியில் போனதாலோ வந்தவை. வெடித்த குழாய், கூரை விளிம்பில் கட்டியாகிய பனி, படுக்கையறைச் சுவரில் படர்ந்த கருப்புப் பூஞ்சணம், காலடியில் ஓயாத குளிர் ஆகிய அனைத்தும் இந்த இரண்டின் விளைவுகளே. ஆகவே தண்ணீரையும் காற்றையும் முதலில் ஒழுங்குபடுத்துங்கள். புதிய ஃபர்னஸ், புதிய ஜன்னல் போன்ற பெருஞ்செலவுகளைப் பற்றி ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகு யோசிக்கலாம்.

செப்டம்பர் இறுதிக்கும் நவம்பர் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட வாரங்களே இதற்கு ஏற்ற காலம். ஜன்னல் விளிம்புகளிலும் சுவர் இடுக்குகளிலும் பூசும் கோக்கிங் பசைகளில் பல, 5 டிகிரிக்குக் கீழே சரியாக ஒட்டுவதில்லை. மேலும், முதல் கடுங்குளிர் வந்துவிட்டால் ஃபர்னஸ் பழுதுபார்ப்பவர்களைப் பிடிப்பது கடினம்.

முதலில் தண்ணீர். வீட்டுக்குள் தண்ணீர் வரும் பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். ரொறன்ரோவில் நிலம் ஏறத்தாழ 1.2 மீற்றர் ஆழம் வரை உறையக்கூடும் என்பதால் நகரத்தின் குழாய் அதற்கும் கீழே புதைக்கப்பட்டு, பெரும்பாலும் தெருவைப் பார்த்த பேஸ்மென்ட் சுவர் வழியாக உள்ளே வரும். தண்ணீர் மீற்றரும் வால்வும் அங்கேயே இருக்கும். அந்த வால்வைத் திருகி மூடித் திறந்து பாருங்கள். அறுபது ஆண்டு வயதான வீடுகளில் அது இறுகிப்போய்ச் சுழலாமல் இருப்பதை அடிக்கடி காணலாம். அப்படியிருந்தால் பிளம்பரை அழைத்து இப்போதே மாற்றிவிடுங்கள், ஏனெனில் குழாய் வெடித்த இரவில்தான் அந்த வால்வு உங்களுக்குத் தேவைப்படும். வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவருக்கும், கீழே குடியிருப்பவர்களுக்கும், அதன் இடத்தைக் காட்டி வையுங்கள்.

அடுத்தது தோட்டத்துக்கும் காருக்கும் தண்ணீர் பிடிக்கும் வெளிக் குழாய். இதற்கென்று பேஸ்மென்டின் உட்புறத்தில் தனி வால்வு ஒன்று இருக்கும். முதலில் ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே எடுத்து வையுங்கள். உள் வால்வை மூடுங்கள். பிறகு வெளிக் குழாயைத் திறந்து எஞ்சிய தண்ணீர் முழுவதும் வடிந்த பின் அதைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள். உள் வால்வின் பக்கவாட்டில் ஒரு சிறு மூடி இருந்தால், கீழே ஒரு வாளியை வைத்து அதையும் தளர்த்தி, நடுவில் தங்கிய தண்ணீரை இறக்கிவிட்டு மீண்டும் மூடுங்கள். உறையாத வகை என்று விற்கப்படும் புதிய குழாய்களிலும் ஹோஸைக் கழற்றாவிட்டால் தண்ணீர் வடியாமல் உள்ளேயே நின்று உறைந்துவிடும்.

இதில் இவ்வளவு கவனம் ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. குழாய்க்குள் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு வளரும்போது, அந்த அடைப்புக்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையில் சிக்கிய தண்ணீரின் அழுத்தம் பல மடங்கு ஏறி, மெல்லிய இடத்தில் செப்பையே கிழித்துவிடுகிறது. குழாய்வாய் திறந்திருந்தால் அந்த அழுத்தம் வெளியேற வழி கிடைக்கும். வெளிக் குழாயில் இது நடக்கும்போது பெரும்பாலும் சுவருக்குள்ளே கிழிகிறது. குளிர்காலம் முழுவதும் ஒன்றும் தெரியாமல், ஏப்ரலில் வால்வைத் திறந்து செடிக்குத் தண்ணீர் விடும்போது பேஸ்மென்ட் சுவர் நனைவதைக் கண்ட பிறகே தெரியவரும்.

உங்கள் சமையலறைத் தொட்டி வெளிச்சுவரை ஒட்டியிருந்தால், மைனஸ் 20 டிகிரி வரை இறங்கும் இரவுகளில் தொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து, குழாயிலிருந்து நூல் போலத் தண்ணீர் ஒழுக விடுங்கள். உறைந்துவிட்டால் குழாய்வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்கு அருகிலிருந்து தொடங்கி உறைந்த இடத்தை நோக்கி ஹெயர் டிரையரால் மெல்லச் சூடேற்றுங்கள். நெருப்பை மட்டும் குழாயருகே கொண்டுபோகாதீர்கள். இப்படி நெருப்புக் காட்டிச் சுவர்ச் சட்டம் பற்றிக்கொண்ட வீடுகள் உண்டு.

ஃபர்னஸைச் செப்டம்பரிலேயே ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். கோடையில் படிந்த தூசு எரிவதால் முதல் நாள் இலேசான வாடை வருவது இயல்பு. அது சில மணி நேரத்தில் நீங்கிவிட வேண்டும். அதன் காற்றை வடிகட்டும் பில்டரைக் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை பாருங்கள். ஒரு அங்குலத் தடிப்புள்ள பில்டர் ஒன்று முதல் மூன்று மாதங்களில் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிடும். கடையில் ஆக உயர்ந்த வடிகட்டும் எண் உள்ளதை வாங்கினால் நல்லது என்று எண்ண வேண்டாம். மிக நெருக்கமான வடிகட்டி ஒரு அங்குல இடத்தில் காற்றோட்டத்தை மறிப்பதால் ஃபர்னஸ் அதிகம் சூடாகித் தானாகவே நின்று நின்று ஓடும். மெர்வ் எனப்படும் அந்த எண் 8 முதல் 11 வரை இருந்தால் போதுமானது. பயன்படுத்தாத அறைகளின் காற்றுத் துளைகளை மூடிவைப்பதும் இதே காரணத்தால் தவறு. பழைய காற்று திரும்பிச் செல்லும் பெரிய துளையை சோபா மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவரைக் கொண்டு ஃபர்னஸைப் பரிசோதிப்பது செலவுக்குத் தகுந்த பாதுகாப்பு. ஒன்றாரியோவில் எரிவாயுச் சாதனங்களில் வேலை செய்யும் நிறுவனம் டி.எஸ்.எஸ்.ஏ. என்ற மாகாணப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டி, உங்கள் ஃபர்னஸ் ஆபத்தானது, உடனே கையெழுத்திடுங்கள் என்று சொல்பவர்களை உள்ளே விடாதீர்கள். ஃபர்னஸ், தண்ணீர்ச் சூடாக்கி போன்றவற்றுக்கு அழைக்காமலே வீடு தேடி வந்து ஒப்பந்தம் செய்வதை ஒன்றாரியோ அரசு 2018 மார்ச் 1 முதல் தடைசெய்திருக்கிறது. நம் மூத்தவர்கள் தனியாக இருக்கும் பகல் வேளையில் இவர்கள் வருவதால், இதை வீட்டில் எல்லோருக்கும் விளக்கமாகச் சொல்லி வையுங்கள்.

உங்கள் ஃபர்னஸ் புதிய வகையாக இருந்தால் அதன் வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பிளாஸ்டிக் குழாய்கள் இரண்டு பக்கச் சுவரில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்றை எடுக்கும், மற்றது புகையை வெளியேற்றும். பெரும் பனிப்பொழிவின்போது அவற்றின் வாயைப் பனி அடைத்தால் ஃபர்னஸ் நின்றுவிடும். புகை உள்ளே திரும்பும் அபாயமும் உண்டு. பனி பெய்த காலையில் நடைபாதையை வழிப்பதற்கு முன் இந்தக் குழாய்களையும், எரிவாயு மீற்றரையும், துணி உலர்த்தியின் வெளித் துளையையும் கையால் அல்லது மென்மையான தூரிகையால் துப்புரவாக்குங்கள்.

இங்கே கார்பன் மோனொக்சைடு பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் அடுத்து நான் சொல்லப்போகும் காற்றுக் கசிவை அடைக்கும் வேலையை இதற்கான அலாரம் இல்லாமல் தொடங்கவே கூடாது. பழைய வகை எரிவாயுத் தண்ணீர்ச் சூடாக்கி, சூடான புகை தானாக மேலெழுவதை நம்பியே உலோகக் குழாய் வழியாக அதை வெளியேற்றுகிறது. வீட்டை இறுக்கமாக அடைத்துவிட்டு சமையலறையின் வலுவான விசிறியை ஓட்டினால், அது வேறு வழியில்லாமல் அந்தப் புகைக்குழாய் வழியாகவே காற்றை இழுத்து, நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயுவை வீட்டுக்குள் பரப்பக்கூடும். படுக்கையறைகளுக்கு அருகில் அலாரம் வைப்பது ஒன்றாரியோவில் ஏற்கெனவே கட்டாயம். 2026 ஜனவரி 1 முதல் எரிபொருள் சாதனம் உள்ள வீடுகளில் ஒவ்வொரு தளத்திலும் இருக்க வேண்டும். அலாரத்தின் பின்புறத்தில் காலாவதித் திகதி அச்சிடப்பட்டிருக்கும். அதை வாசித்துப் பாருங்கள். முன்னைய உரிமையாளர் விட்டுப்போனவை பெரும்பாலும் காலங்கடந்தவையாகவே இருக்கும். நவம்பரின் முதல் ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பும்போது பற்றரிகளையும் மாற்றும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் காற்று. குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலெழுந்து கூரைத்தளத்தின் இடுக்குகள் வழியாக வெளியேறுகிறது. அது விட்டுச் சென்ற இடத்தை நிரப்பக் கீழ்த்தளத்தின் இடுக்குகள் வழியாகக் குளிர்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஆகவே முதலில் அடைக்க வேண்டிய இடங்கள் வீட்டின் உச்சியும் அடியும். ஜன்னல்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் அவை இதற்கு அடுத்த வரிசைதான். கசிவைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. காற்று வீசும் ஒரு குளிர்நாளில் ஃபர்னஸையும் எரிவாயுத் தண்ணீர்ச் சூடாக்கியையும் நிறுத்திவிட்டு, குளியலறை, சமையலறை விசிறிகளை ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வெளிச்சுவர்கள், கதவு விளிம்புகள், மின்செருகிகள் ஓரமாக மெல்ல நடந்து பாருங்கள். புகை எங்கே நேராக எழாமல் திசை மாறுகிறதோ அங்கே காற்று வருகிறது. திரைச்சீலைகளிலிருந்து பத்தியை விலக்கிப் பிடியுங்கள். முடிந்ததும் நிறுத்திய சாதனங்களை மறக்காமல் திரும்ப ஓடவிடுங்கள்.

உங்கள் வயதுடைய வீட்டில் மிகுதியான கசிவு பேஸ்மென்ட் கொங்கிறீட் சுவர் முடிந்து, அதன்மேல் மேல்தளத்தின் மரச்சட்டங்கள் உட்காரும் விளிம்பில் இருக்கும். சிலந்திவலை அடர்ந்திருக்கும் இடங்களைக் கவனியுங்கள். காற்று வரும் வழியில்தான் சிலந்தி வலை கட்டும். அங்கே கடினமான நுரைப் பலகையை அளந்து வெட்டி வைத்து ஓரங்களைத் தெளிப்பு நுரையால் அடைக்கலாம், ஆனால் உட்புறம் திறந்த நுரையைத் தீத்தடுப்புப் பலகையால் மூட வேண்டியிருக்கும் என்பதால், இந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது. கதவுகளுக்கடியில் ரப்பர்ப் பட்டையும் சுற்றிவர நுரைப் பட்டையும் வைப்பதை நீங்களே ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம். பழைய ஜன்னல்களுக்கு, உட்புறம் ஒட்டி ஹெயர் டிரையரால் இறுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் மிகக் குறைந்த செலவில் நல்ல பலன் தரும்.

மேலே, கூரைக்குக் கீழுள்ள வெளியான அட்டிக்குக்கு ஏறும் சிறு கதவைத் திறந்து பாருங்கள். அது பெரும்பாலும் வெறும் பலகைத் துண்டாக, விளிம்பில் பட்டை எதுவும் இல்லாமல் கிடக்கும். அதன் முதுகில் நுரைப் பலகையை ஒட்டி, விளிம்பில் பட்டை வையுங்கள். பிறகு உள்ளே எவ்வளவு இன்சுலேஷன் (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் பொருள்) இருக்கிறது என்று அளந்து பாருங்கள். இன்று ஒன்றாரியோவில் கட்டப்படும் வீடுகளின் அட்டிக்குக்கு வெப்பத்தைத் தடுக்கும் திறனைக் குறிக்கும் ஆர்-60 என்ற அளவு வழக்கமாக இருக்கிறது. காகித நார் வகையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஆர்-3.5 கிடைக்கும் என்பதால் அதற்குப் பதினேழு அங்குலம் அளவில் தேவைப்படும். உங்கள் வீட்டில் ஐந்தாறு அங்குலம் மட்டும் இருந்தால், நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள ஒரே செலவு இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் ஒரு எச்சரிக்கை: அங்கே சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில், அபிரகம் போல மினுங்கும் சிறு மணிகள் கிடந்தால் அவற்றைத் தொடாதீர்கள். அது வெர்மிகுலைட் என்ற கனிம இன்சுலேஷன். அமெரிக்காவின் மொன்டானாவில் லிபி என்ற ஊரில் 1990 வரை இயங்கிய சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. மாதிரியை ஆய்வகத்தில் சோதிக்கும்வரை அட்டிக்குக்குள் யாரும் ஏறாமல் கதவை மூடிவையுங்கள்.

அட்டிக்குச் சூடாவதால் வரும் இன்னொரு சேதம் கூரை விளிம்புப் பனிக்கட்டி. கீழிருந்து கசியும் சூடு கூரையின் நடுப்பகுதிப் பனியை உருக்குகிறது. அந்தத் தண்ணீர் வழிந்து, சூடு எட்டாத விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணை கட்டுகிறது. அதன்பின் உருகுவது தேங்கி, ஓடுகளின் அடியால் ஏறிக் கூரைத்தளத்தை நனைக்கிறது. விளிம்பில் சூடேற்றும் மின்கம்பி பொருத்துவது தற்காலிகத் தீர்வுதான். கசிவை அடைத்து, இன்சுலேஷன் கூட்டி, கூரை விளிம்பின் அடியிலுள்ள காற்றுத் துளைகளை மறைக்காமல் விடுவதே நிலையான தீர்வு. குளியலறை விசிறியின் குழாய் அட்டிக்குக்குள்ளேயே முடிந்துவிடாமல் கூரைக்கு வெளியே போகிறதா என்பதையும் பாருங்கள்.

வீட்டுக்குள் உள்ள ஈரம் நம்மவர் வீடுகளில் தனிக் கவனம் செலுத்த வேண்டியது. 21 டிகிரியில் 50 விழுக்காடு ஈரப்பதம் இருக்கும் அறையில், ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் நீர்த்துளி படியும். ஈரப்பதம் 30 விழுக்காடாக இருந்தால் பரப்பு 3 டிகிரிக்குக் கீழே போனால்தான் படியும். வெளியே மைனஸ் 20 இருக்கும்போது பழைய ஜன்னல் கண்ணாடி எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சோறு வடிப்பதும், இடியப்பமும் பிட்டும் அவிப்பதும், குழம்பு நெடுநேரம் கொதிப்பதும், உடுப்புகளை உள்ளே கொடியில் உலர்த்துவதும் நாளொன்றுக்கு லீற்றர் கணக்கில் நீராவியைச் சேர்க்கின்றன. இவற்றை விட வேண்டும் என்று சொல்லவில்லை. அடுப்பு மேல் விசிறியைச் சமையலுக்கு முன்பே போட்டு, முடிந்த பின்னும் சிறிது நேரம் ஓடவிடுங்கள் என்கிறேன். அந்த விசிறி காற்றை உண்மையிலேயே வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டிச் சமையலறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்று பாருங்கள். பின்னதானால் அது எண்ணெய்ப் பிசுக்கைச் சிறிதளவு பிடிக்குமே தவிர ஈரத்தை அகற்றாது. குளித்த பின் விசிறி இருபது, முப்பது நிமிடம் ஓடட்டும்.

பத்துப் பதினைந்து டொலருக்குக் கிடைக்கும் ஒரு ஈரப்பத மானியை வாங்கி வையுங்கள். கடுங்குளிரில் 30 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் போதும். அதற்குமேல் இருந்து ஜன்னல் வியர்த்தால், ஃபர்னஸில் பொருத்திய ஈரமூட்டியைக் குறையுங்கள். உடுப்பு அலமாரிகளையும் கட்டில் தலைப்பலகைகளையும் வெளிச்சுவரில் ஒட்டாமல் ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள், ஏனெனில் சூடான காற்று தொடாத மூலைகளில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கிறது. இந்த ஒரு காரியத்தைப் பேஸ்மென்டிலும் வலியுறுத்திச் சொல்லுங்கள்.

வெளிவேலைகள் குறைவு. இலைகள் முழுதாக உதிர்ந்த பின் கூரைத் தாழ்வாரத் தகடுகளைச் சுத்தம் செய்து, தண்ணீர் அத்திவாரத்திலிருந்து சில அடி தள்ளி விழும்படி பாருங்கள். நடைபாதைப் பனியை உருக்கத் தூவும் சாதாரண உப்பு மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் பயன் தராது. கல்சியம் குளோரைட்டு அதைவிடக் குளிரிலும் வேலை செய்யும். வழுக்காமலிருக்க மணலும் போதும். கல்சியம் குளோரைட்டையும் மணலையும் முதற்பனிக்கு முன் வாங்குங்கள்.

மின்சாரம் நின்றுபோனால் எரிவாயு ஃபர்னஸும் நின்றுவிடும் என்பது புதிதாக வீடு வாங்கியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. எரிவாயு வந்தாலும், விசிறிக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் மின்சாரம் வேண்டும். 2013 டிசம்பர் பனிப்புயலில் ரொறன்ரோவில் ஏறத்தாழ 3 இலட்சம் மின் வாடிக்கையாளர்கள் இருளில் இருந்தார்கள். சில தெருக்களுக்கு ஒரு வாரத்துக்குப் பிறகே மின்சாரம் திரும்பியது. குறைந்தது 72 மணி நேரத்துக்கான குடிநீர், சமைக்காமல் உண்ணக்கூடிய உணவு, மருந்துகள், கைவிளக்கு, கம்பளிகளை ஓரிடத்தில் வையுங்கள். குளிர் காய்வதற்காகக் கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கொளுத்தவே கூடாது. ஜெனரேட்டர் திறந்த வெளியில், ஜன்னல்களிலிருந்து தள்ளியே ஓட வேண்டும். எரிவாயுச் சமையல் அடுப்பின் ஓவனை ஹீட்டராகப் பயன்படுத்துவதும் இதே கார்பன் மோனொக்சைடு ஆபத்தைத் தரும்.

பேஸ்மென்டில் இருக்கும் குடும்பத்துக்கு வெப்பம் தருவது உங்கள் பொறுப்பு. வெப்பமூட்டும் பருவத்தில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது நகர விதி. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தேர்மொஸ்டாட் மேல்தளத்தில் இருப்பதால் மேலே இதமாக இருக்கும்போது கீழே நடுங்கலாம். ஒரு வெப்பமானியை அவர்களுக்கு வாங்கிக் கொடுத்து, அது காட்டுவதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அவர்கள் மின்சார ஹீட்டர் வைத்திருந்தால், அது 1500 வாட் வரை இழுக்கும் என்பதால் நீட்டிப்பு வயரில் மாட்டாமல் நேரடியாகச் சுவர்ச் செருகியில் மாட்டவும், படுக்கையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி வைக்கவும் சொல்லுங்கள். அலாரங்களைப் பொருத்திப் பராமரிப்பதும் வீட்டுக்காரரின் கடமையே.

ஊருக்குப் போகும்போது, கீழே ஆட்கள் இருப்பதால் பிரதான வால்வை மூட முடியாது. ஆனால் மேல்தளத்துச் சலவை இயந்திரம், கழிவறைத் தொட்டிகள், தொட்டிக் குழாய்கள் ஆகியவற்றுக்கு அருகிலுள்ள சிறு வால்வுகளை மூடிவிட்டு, குழாய்களைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிடலாம். வீடு காலியாக இருந்தால் தேர்மொஸ்டாட்டை 15, 16 டிகிரிக்கு இறக்கலாம். கீழே குடும்பம் இருப்பதால் நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் வீட்டுக் காப்புறுதி ஒப்பந்தத்தைப் புறப்படுமுன் வாசியுங்கள். குளிர்காலத்தில் வீட்டார் இல்லாதபோது பொறுப்பான ஒருவர் குறிப்பிட்ட இடைவெளியில் வந்து பார்க்க வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் கேட்கின்றன. அதைச் செய்யாவிட்டால் உறைந்த குழாயால் வந்த சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். கீழே குடியிருப்பவர்கள் இருப்பது அந்த நிபந்தனைக்குப் போதுமா என்று காப்புறுதி முகவரிடம் எழுத்தில் கேட்டுப் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். திறப்பை ஒரு நண்பரிடம் கொடுத்து, மேல்தளத்தின் எல்லா அறைகளையும் திறந்து பார்க்கவும், வெளியே ஃபர்னஸ் குழாய்களில் பனி ஏறியிருக்கிறதா என்று கவனிக்கவும் கேளுங்கள். திரும்பி வந்ததும் சிறு வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் திறந்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் அதன் அடியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.